பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டவர்

என் மனைவிக்கு அடுத்தபடியாக என் முதுகை நன்றாக அறிந்தவர் அவர்தான். முகத்துக்கு முகம் பார்த்துப் பேசியதைவிட என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் பேசியதே அதிகம். காலை பத்து மணி வெயில், மந்தைவெளி மார்க்கெட்டை ஒட்டிய தெரு, என் ஸ்கூட்டர். அதன் பின்சீட்டில், வெள்ளைச் சட்டையும் அடர்ந்த மீசையுமாய், ஏறக்குறைய என் வயதுள்ள ஒரு மெக்கானிக், புடவை கட்டிய பெண்களைப் போல இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கவிட்டு, மடியில் என் மனைவியின் கைப்பையை அணைத்துக்கொண்டு, கண்களை இறுக மூடியபடி உட்கார்ந்து வருகிறார். தெருவே நின்று பார்க்கிறது. இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கத்துகிறார்.

"இன்னா மச்சி, மாமியார் வூட்டுக்கா? சீரு எல்லாம் பையிலயா கீது?"

"சீரு அப்பால வருது. நீ துணிய கருக்காத," என்று கண்ணைத் திறக்காமலே பதில் கொடுத்துவிட்டு, என் முதுகிடம் சொல்கிறார்: "சார், நீ ஓட்டு. நான்னு நெனைக்காத. எம்மா ஒக்காந்துகீறாங்கன்னு நெனச்சிக்கோ." எம்மா என்று அவர் சொல்வது என் மனைவியை.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருக்கே அது தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. மாவு மில்லுக்கும் இஸ்திரிக் கடைக்கும் நடுவே, ஒரு ஆள் கை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுப்படும் அகலத்தில் அவருடைய கடை. பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே ஒரு மாதா படம், அதற்குக் கீழே கொக்கி கொக்கியாய்த் தொங்கும் ஸ்பானர்கள், எப்போதும் மில்லிலிருந்து பறந்து வந்து எல்லாவற்றின் மேலும் படியும் கோதுமை மாவு. 'பின்சீட்டு கடை எது?' என்று கேட்டால் மார்க்கெட்டில் யாரும் கை காட்டுவார்கள். அதுவே விலாசம், அதுவே பெயர்.

மற்ற மெக்கானிக்குகள் வண்டியை நிறுத்தியதும் மைலேஜ் கேட்பார்கள், எந்த வருஷத்து வண்டி என்று கேட்பார்கள். இவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே ஒன்று.

"பின்னாடி யாரு ஒக்கார்றது?"

இந்தக் கேள்விக்குத் தடுமாறாத ஆளை நான் அந்தக் கடையில் பார்த்ததில்லை. ஒரு நாள் புத்தம் புதிய பெரிய பைக்கோடு ஒரு இளைஞன் வந்தான். பின்சீட்டு ஆகாயத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு, உள்ளங்கை அகலத்தில் இருந்தது. இவர் ஒரு மர ஸ்டூலைப் போட்டு அதன் மேல் ஏறி அந்தச் சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். கொடிக்கம்பத்தில் உட்கார்ந்த காக்காய் மாதிரி இருந்தார்.

"இதுல யாருப்பா வருவாங்க?"

"ஃப்ரெண்டு, ண்ணா."

"பொண்ணா?"

"ஆமாண்ணா."

"கடைசியா எப்ப ஒக்காந்துச்சு?"

பையன் யோசித்தான். "ரெண்டு மாசம் இருக்கும்."

"வராது நைனா. சண்டைன்னு நீ நெனச்சிகினு கீற. அதுக்கு இடுப்பு வலி."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், ஆனால் பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் அந்தக் கடையில் அன்று நான் நின்றிருந்த காரணமும் அதுவேதான்.

எங்கள் வீட்டில் அப்போது ஏழு பேர். அப்பா, அம்மா, வேலை தேடிக்கொண்டிருந்த தம்பி, இரண்டு பெண்கள், நாங்கள் இருவர். இரண்டு படுக்கையறை. எந்தக் கதவையும் சாத்த முடியாது. சாத்தினால் யாராவது தட்டுவார்கள், தட்டாவிட்டால் யாராவது வெளியே காத்திருப்பார்கள். எனக்கும் அவளுக்கும் என்று இருந்த ஒரே அறை இந்த ஸ்கூட்டர்தான். அடையாறில் ஒரு பள்ளியில் அவள் நூலகர். காலையில் நான் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன், சாயங்காலம் கூட்டிவருவேன். போக இருபது நிமிடம், வர முப்பது. அந்த ஐம்பது நிமிடத்தில்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டி. என் வலது தோளுக்கு மேல் முகத்தை நீட்டி அவள் பேசுவாள். சிக்னலில் குரலைத் தாழ்த்திக்கொள்வாள், பச்சை விழுந்ததும் உயர்த்துவாள். பெரியவள் கணக்கில் வாங்கிய மதிப்பெண், அம்மா சொன்ன ஒரு சொல், நூலகத்துக்குத் தினமும் வந்து ஒரே அட்லஸை விரித்துவைத்துக்கொள்ளும் ஏழாம் வகுப்புச் சிறுமி, எல்லாம் திரு.வி.க. பாலத்தின் மேல், ஆற்றுக்காற்றில், எனக்கு மட்டும் சொல்லப்பட்டவை.

பிறகு அவளுக்கு முதுகில் டிஸ்க் விலகியது. இரண்டு மாதம் படுக்கை. அந்த இரண்டு மாதமும் வீட்டில் அவளைச் சுற்றி எப்போதும் ஆள் இருந்தார்கள், எங்களுக்குள் பேச்சு மட்டும் இல்லை. டாக்டர் ஒரு வழியாக, 'டூவீலரில் போகலாம், ஆனால் தூக்கிப்போடக் கூடாது' என்றார். எனக்கு அது போதும். நான் சும்மா இருக்கத் தெரியாதவன், ஒன்று தோன்றினால் அடுத்த நிமிடம் செய்துவிட வேண்டும். அவளிடம் சொல்லாமல் நேராக ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். உதிரிபாகக் கடைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் அந்தத் தெருவில் ஒரு கடையில் நுழைந்து, பின்சக்கரத்து ஷாக்கப்சரை மாற்ற வேண்டும், இருப்பதிலேயே நல்லதாக, பலமானதாகக் கொடுங்கள் என்றேன். சிவப்பு ஸ்பிரிங், விரல் தடிமன். மாட்டிக்கொடுத்தார்கள். பின்பக்கத்தைக் கையால் அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. எவ்வளவு உறுதி என்று பூரித்துப்போனேன்.

மறுநாள் காலை அவளை உட்காரவைத்துப் புறப்பட்டேன். பாலத்தில் கான்கிரீட்டும் கான்கிரீட்டும் சேரும் இடுக்குகள் வருமே, ஒவ்வொன்றிலும் வண்டி எகிறியது. எனக்கு அது வேகமாகத் தெரிந்தது. "எப்படி இருக்கு?" என்று உற்சாகமாகக் கேட்டேன்.

"ம்," என்றாள்.

அந்த 'ம்'மைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பள்ளி வாசலில் இறங்கியவள் என் தோளைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பார்க்காமல் உள்ளே போனாள். மத்தியானம் பள்ளியிலிருந்து போன் வந்தது. மறுபடி படுக்கை, மூன்று வாரம். எழுந்து நடமாடத் தொடங்கியதும், "நீங்க போங்க, நான் பஸ்ல போய்க்கிறேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். தன்மையாகச் சொன்னாள். நான் ஆசையாகச் செய்த ஒரு காரியம் அவளை உடைத்துப் போட்டிருந்தது. அதைச் சொல்லி என்னை நோகடிக்க வேண்டாம் என்று நினைத்து, அவள் எங்கள் அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் மறுபடி என் பின்னால் உட்காருவாளா? அந்த மாதங்களில் எனக்கு இருந்த கேள்வி இது ஒன்றுதான். இஸ்திரிக்குத் துணி போடப் போன இடத்தில் யாரோ சொல்லித்தான் பக்கத்துக் கடைக்குள் எட்டிப் பார்த்தேன்.

அவர் என் வண்டியைச் சுற்றிவரவே இல்லை. "ஒரு ரவுண்டு போலாம் வா சார்," என்று பின்னால் ஏறிக்கொண்டார். மார்க்கெட் முனை வரைதான் போயிருப்போம். "திருப்பு, திருப்பு" என்று முதுகில் தட்டினார். இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிவப்பு ஸ்பிரிங்கைக் குனிந்து பார்த்தார்.

"பின்னாடி யாரு ஒக்கார்றது?"

"என் மனைவி."

"இது தண்ணி கேன் அடிக்கிற வண்டிக்குப் போடற ஸ்பிரிங்கு சார். நாலு கேன் ஏத்துனாதான் இது அமுங்கும். உன் வூட்டம்மா இன்னா கேனா?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "ஸ்ட்ராங்கா வேணும்னு கேட்டேன்," என்றேன்.

"கேட்ட. குட்த்தான். அவன் மேல தப்பில்ல." சாக்கைத் தரையில் விரித்து உட்கார்ந்து நட்டைத் தளர்த்த ஆரம்பித்தார். "எடை எவ்ளோ?"

"எண்பத்தி ரெண்டு."

"உன்னுது யாரு கேட்டா? எம்மாவுது."

பதினேழு வருடக் கல்யாணம். அவள் செருப்பு அளவு தெரியும், ரத்த வகை தெரியும். "ஐம்பத்தஞ்சு இருக்கும். அறுபது?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மார்க்கெட்ல கத்திரிக்கா வாங்குனா கூட எடை கரீட்டா கேட்டு வாங்குவ இல்ல?" என்றவர், அதற்கு மேல் என்னைக் குத்தவில்லை. குனிந்து வேலையைத் தொடர்ந்தார். "ஸ்பிரிங்குக்கு உத்தேசம்லாம் புரியாது சார். ஆளு வரணும்."

நான்கு நாளில் வேறொரு ஷாக்கப்சர் கொண்டுவந்திருந்தார். கேஸ் அடைத்தது, நீளம் எங்கள் வண்டிக்குச் சரியாகப் பொருந்துவது, ஸ்பிரிங் மெலிந்து, பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. "ஸ்பிரிங்கு தூக்கிவுடும், அவ்ளோதான் அதுக்குத் தெர்யும். தூக்குனத மெதுவா கீழ இறக்கறது உள்ள கீற ஆயிலு. நல்ல ஆயிலுக்குத்தான் இதுல காசு," என்றார். அடிப்பக்க ரப்பர் புஷ்ஷும் வெடித்திருந்தது, அதையும் மாற்றினார். எல்லாம் முடிந்தது. சாவியைக் கேட்டேன். கொடுக்கவில்லை.

"எம்மாவ கூட்டினு வா."

"அவ வரமாட்டா."

"அப்ப வண்டியும் வராது."

இது அவருடைய மோசமான பழக்கம், இதைச் சொல்லாமல் விட்டால் அவரைப் பூசி மெழுகியதாகிவிடும். பின்னால் உட்காரும் ஆளைப் பார்க்காமல் வண்டியை விடமாட்டார். ஆபீசுக்கு நேரமாகிறவர்கள் கத்துவார்கள், சிலர் வேறு கடைக்கே போய்விட்டார்கள். ஒருவர் போலீசைக் கூப்பிடுவேன் என்றார். "கூப்டு, ஏட்டையா வண்டிக்கும் பின்சீட்டு பாக்கணும்" என்றார் இவர். முறைத்துக்கொண்டு நின்ற என்னையும் அவர் பொருட்படுத்தவில்லை. நான் நடந்தே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு அவரே வந்துவிட்டார், வண்டியைத் தள்ளிக்கொண்டு. எங்கள் தெரு வரை மார்க்கெட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குக் குறையாது. அவர் எப்போதும் வண்டிகளைத் தள்ளிக்கொண்டுதான் போவார், வருவார். பிறர் வண்டியில் ஏறி ஓட்டக் கூடாது என்ற மரியாதை போலும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிறுத்திவிட்டு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"எம்மா! வண்டில போக வேணாம். சொம்மா ஒக்காந்து மட்டும் குடுங்க. ரெண்டு நிமிஷம்."

அவள் இறங்கி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். "எனக்கு முடியலைங்க. தப்பா நினைக்காதீங்க," என்றாள்.

"எனக்கும் இடுப்பு வலிதாம்மா. அந்தக் கேன் ஸ்பிரிங்குல ஒரு ரவுண்டு போய்ட்டேன், ரெண்டு நாள் தைலம் தேச்சேன். நீங்க எப்டி பாலம் வரைக்கும் போனீங்க?"

யாரும் அவளிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. டாக்டர் கேட்கவில்லை, நான் கேட்கவில்லை. அவள் கண் சட்டென்று நிறைந்தது. அதை மறைக்க வண்டியின் பக்கம் திரும்பி, ஏறி உட்கார்ந்தாள்.

அவர் தையல்காரரின் டேப்பை எடுத்தார். சக்கரத்து நட்டிலிருந்து பின்கைப்பிடிக் கம்பி வரை ஆள் இல்லாமல் ஓர் அளவு ஏற்கனவே எடுத்திருந்தார். நான் மட்டும் உட்கார்ந்தால் ஒன்று, அவளும் உட்கார்ந்தால் ஒன்று. "பை எடுத்துகினு போவீங்க இல்ல? அதையும் எடுத்துகினு ஒக்காருங்க." கைப்பை வந்தது: டிபன் டப்பா, தண்ணி பாட்டில், இரண்டு தடிப் புத்தகம். மறுபடி அளந்தார். "மொத்தம் இறங்கறதுல மூணுல ஒரு பங்கு இறங்கி நிக்கணும். ஜாஸ்தி இறங்குனா தொங்குது. கம்மியா இறங்குனா முறைக்குது." ஸ்பிரிங்கின் அடியில் பல் பல்லாய் ஒரு வளையம் இருக்கும், கொக்கி ஸ்பானரைப் போட்டுத் திருப்பினால் ஸ்பிரிங் இறுகும், தளரும். ஒரு பல் திருப்பினார், அளந்தார், பாதி முகம் சுளித்தார், திரும்ப ஒரு பல் பின்னால் வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு நகப்பூச்சுப் புட்டியை எடுத்து அந்தப் பல்லின் மேல் வெள்ளையாக ஒரு புள்ளி வைத்தார்.

"இது எம்மாவுது," என்றார். அடுத்து, மூன்று பல் தள்ளி, வேறொரு புட்டியிலிருந்து சிவப்பாய் ஒன்று.

"அது எதுக்கு?" என்று கேட்டேன்.

"அது உன்னுது. நீ பின்னாடி ஒக்கார்ற அன்னிக்கு."

"நானா?" எனக்குச் சிரிப்பு வந்தது. "அவளுக்கு ஓட்டத் தெரியாதே."

"இன்னிக்குத் தெர்யாது," என்று புட்டியை மூடினார்.

அந்தப் புள்ளி வைக்கும் பழக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. தண்ணி கேன் போடுகிற ஒருவர் அவரிடம் கெட்டி ஸ்பிரிங் கேட்டு வந்திருக்கிறார். இவர் வழக்கம்போல, கேன் இறக்கிவிட்டு வரும்போது பின்னால் யார் என்று கேட்க, பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிவருவேன் என்றாராம் அவர். ஸ்பிரிங்கை மாட்டி, கேனுக்கு ஒரு புள்ளி, மகளுக்கு ஒரு புள்ளி வைத்து, ஸ்பானரையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். நம்பாமல்தான் கேட்டுக்கொண்டேன். பிறகு ஒரு நாள் மூன்றரை மணிக்கு, ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பள்ளி வாசலில், காலி கேன்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஒரு வண்டியின் அருகே ஒருவர் முட்டி போட்டுக் குனிந்து எதையோ திருப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி பக்கத்தில் நின்று, "ரோஸ் புள்ளி வந்துடுச்சாப்பா?" என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள். நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அந்தப் புள்ளி வந்து சேரும் வரை பார்த்தேன்.

எங்கள் வாசலுக்கு வருகிறேன். அளந்து முடித்ததும், "எம்மா, பைய குடுங்க. நீங்க வாணாம், நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்," என்று கைப்பையை வாங்கிக்கொண்டு, எப்படி உட்காருவீர்கள் என்று அவளிடம் கேட்டு, அவள் சொன்னபடியே ஒருபக்கமாக ஏறிக்கொண்டார். அந்த ஊர்வலத்தைத்தான் முதலில் சொன்னேன். மார்க்கெட், மாவு மில், இஸ்திரிக் கடை, குளத்தோரம், திரும்பி எங்கள் தெரு. ஏன் கண்ணை மூடிக்கொள்கிறீர்கள் என்று வழியில் கேட்டேன்.

"பின்னாடி கீறவங்களுக்கு இன்னா சார் தெர்யும்? உன் முதுகுதான் தெர்யும். பள்ளம் உனக்குத்தான் தெர்யும். உனக்குத் தெர்யறதால நீ கால ஊனிக்கிற, கைய இறுக்கிக்கிற. அவங்களுக்கு அது சொல்லாம கொள்ளாம வருது."

வீட்டு வாசலில் இறங்கி, பையை அவளிடம் நீட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "ஸ்பிரிங்கு சூப்பர். ஆயிலு சூப்பர். ஒரே ஒரு பார்ட்டு மட்டும் ரிப்பேரு."

"எது?"

"நீதான். வழியில பதினோரு பள்ளம், நாலு மேடு. எண்ணிகினே வந்தேன். ஒண்ணாவது சொன்னியா?"

"சொல்லணுமா?"

"பின்ன? வாய வச்சிகினு இன்னா பண்ற? ஏறு. மறுக்கா போலாம்."

மறுபடி போனோம். இந்த முறை அவர் கண்ணை மூடிக்கொண்டு, நான் வாயைத் திறந்துகொண்டு. பள்ளம். மேடு. பள்ளம். மெட்ரோ வேலைக்குப் போட்ட இரும்புத் தகடு. "தகடு" என்றேன். "ஆங், அப்டி," என்றார் முதுகுக்குப் பின்னால். முதல் நாலைந்து சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகு ஒன்றைக் கவனித்தேன். சொல்ல வேண்டுமென்றால் முன்கூட்டியே பார்க்க வேண்டும்; முன்கூட்டியே பார்க்க வேண்டுமென்றால் மெதுவாகப் போக வேண்டும். என் நாற்பத்தேழு வயதில் நான் முதல்முறையாக நிதானமாக வண்டி ஓட்டினேன்.

திரும்பி வந்து அவளிடம் ஒப்படைத்தார், என்னைத்தான். "எம்மா, ரெண்டு பக்கமும் கால் போட்டு ஒக்காருங்க. ஒரு பக்கமா ஒக்காந்தா நான் தங்கத்துல ஷாக்கப்சர் போட்டாலும் இடுப்பு முறுக்கிக்கும். இனிமே சார் சொல்லிகினே ஓட்டுவாரு. சொல்லலைன்னா முதுகுல ஒண்ணு போடுங்க, நான் சொன்னேன்னு."

அவள் சிரித்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு.

மறுநாள் சுடிதார் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பாலம் வரும் வரை என் வாயிலிருந்து வந்தது நான்கே சொற்கள்தான், பள்ளம், மேடு, வளைவு, தகடு. ஒவ்வொன்றுக்கும் அவள் கை என் தோளில் லேசாக இறுகித் தளர்ந்தது. பாலத்தில் ஏறினோம். "இடுக்கு" என்றேன். வண்டி அமிழ்ந்து, மெல்ல எழுந்தது. இன்னொன்று. "இடுக்கு." நாலாவதோ ஐந்தாவதோ தாண்டியபோது என் வலது தோளுக்கு மேல் அவள் முகம் வந்தது.

"அன்னைக்கு இதே இடத்துல எப்படி இருக்குன்னு கேட்டீங்களே," என்றாள்.

"ஆமா."

"செத்துடலாம் போல இருந்துச்சு. நீங்க அவ்வளவு சந்தோஷமா கேட்டீங்களா, அதான் சொல்லலை."

எனக்குக் கண் மங்கியது. "பள்ளம்," என்றேன், பள்ளமே இல்லாத இடத்தில். அவள் தோளை இறுக்கிப் பிடித்தாள். பிறகு அந்த அட்லஸ் சிறுமியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

அவரைப் பற்றிய பெரிய விஷயம் எனக்குத் தெரிந்தது இதற்கெல்லாம் பிறகு, ஒரு மழைக்காலத்தில். லஸ் முனையில் ஆக்ஸிலரேட்டர் கேபிள் அறுந்து நின்றேன். போன் செய்ததும் நடந்தே வந்து, குடைக்குள் குந்தி உட்கார்ந்து மாற்றிக்கொடுத்தார். அதே நேரம் சின்னவளுக்குக் காய்ச்சல், உடனே வாருங்கள் என்று அவள் படிக்கும் பள்ளியிலிருந்து அழைப்பு. மழையில் காய்ச்சல்காரக் குழந்தையை ஸ்கூட்டரில் கொண்டுவர முடியாது. ஆட்டோவை நிறுத்தி ஏறிக்கொண்டு, "வண்டியை நீங்க ஓட்டிட்டுப் போய்க் கடையில வைங்க," என்று சாவியை அவர் கையில் திணித்தேன். ஆட்டோ திரும்பும்போது பார்க்கிறேன். ஓடுகிற நிலையில் இருந்த வண்டியை அந்த மழையில் அவர் தள்ளிக்கொண்டு போகிறார்.

மறுநாள் கேட்டேன். வெறுமனே, சாப்பிட்டாயா என்பதற்குப் பதில் சொல்வது மாதிரி சொன்னார்: "எனக்கு ஓட்டத் தெர்யாது சார்."

"மெக்கானிக்குக்கா?"

"கப்பல் கட்றவன் எல்லாம் கேப்டனா சார்? இருவது வயசுல ஒரு தபா ஓட்டிப் பாத்தேன். குளத்தாண்ட பூ விக்கிற அக்கா கூடைக்குள்ள போய்ட்டேன். தலை பூரா கதம்பம். ஊரே சிரிச்சுது. அன்னிலேர்ந்து யாரு ஓட்னாலும் நான் பின்னாடி. இந்த ஏரியா பள்ளம் அத்தினியும் என் இடுப்புல கீது, மேப்பு மாதிரி."

"அப்போ சர்ச்சுக்கு, வெளியே எல்லாம்?"

"என் வூட்டம்மா ஓட்டுவா. நான் பின்னாடி ஒக்காந்துகினு ஊரப் பாத்துகினே போவேன்." கொஞ்சம் வெட்கமும் நிறையப் பெருமையுமாகச் சொன்னார். "மாதா கோயில் திருவிழாவுக்கு மட்டும் நடை. பெசன்ட் நகர் வரைக்கும் செருப்பு இல்லாம. அன்னிக்குப் பின்சீட்டும் கெடையாது."

முப்பது வருடமாகத் தன்னைத் தூக்கிப்போட்ட ஒவ்வொன்றையும் மறக்காமல் வைத்திருந்து, அதை வேறு யாரையும் தூக்கிப்போடாமல் இருக்கச் செலவிட்டிருக்கிறார் இந்த மனிதர் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "இன்னா சார் நீ, பேஜாரா பேசற" என்றிருப்பார்.

புதிதாகக் கட்டுவதற்காக மாவு மில் கட்டடத்தை இடித்தார்கள், அதை ஒட்டிய அவர் கடையும் அதோடு போனது. நான் அலுவலக வேலையாக வெளியூரில் இருந்த இரண்டு வாரத்தில் அது நடந்துவிட்டது. திரும்பி வந்தபோது நீலத் தகரம் அடைத்திருந்தது. அவருடைய போன் எண் உபயோகத்தில் இல்லை என்றது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு ஒர்க்ஷாப்பில் சேர்ந்திருக்கிறார் என்றார் இஸ்திரிக் கடைக்காரர். பாலவாக்கம் என்றார் இன்னொருவர். இரண்டு இடத்துக்கும் போனேன். சந்து சந்தாக, 'பின்சீட்டு பார்க்கிறவர்' என்று கேட்டால் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மந்தைவெளியைத் தாண்டினால் அது பெயர் இல்லை. நான் நன்றி என்ற சொல்லை அவரிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, அப்போதெல்லாம் அது தேவைப்பட்டதாகவும் தோன்றவில்லை.

போன வருடம் என் வலது தோள் இறுகிப்போனது. கை மேலே எழும்பவில்லை, ஆக்ஸிலரேட்டரை முறுக்க முடியவில்லை. ஆட்டோவில் போய்க்கொள்கிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை. காலை ஆறு மணிக்குப் பெரியவளைப் பின்னால் உட்காரவைத்து, கடற்கரையோரச் சாலையில் பழக ஆரம்பித்தாள். ஒரு மாதத்தில் உரிமம் வாங்கிவிட்டாள். முதல்முறை என்னை ஏற்றிக்கொண்டு புறப்படும் நாளில், வண்டியருகே குந்தி உட்கார்ந்து, கொக்கி ஸ்பானரைப் போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாகத் திருப்பினாள். கிரீஸும் தூசியும் மூடியிருந்த இடத்தைத் துப்பட்டா நுனியால் துடைத்தாள். மங்கலாக, ஆனால் இருந்தது. சிவப்பு.

"அளவு எல்லாம் சரியா இருக்கும்," என்றாள். "எண்பத்தி ரெண்டுதானே நீங்க?"

"எண்பத்தாறு."

"அதுக்கும் சேர்த்துதான் வச்சிருப்பார்."

அன்று பெசன்ட் நகர் மாதா கோயிலில் திருவிழாக் கொடியேற்றம் என்பது பாலத்துக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. சாலையின் இடதுபக்கம் முழுக்கக் காவி உடுத்தி, செருப்பில்லாமல், குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு மக்கள் நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அவள் மெதுவாக ஓட்டினாள். இத்தனை வருடம் இந்தப் பாலத்தில் நான் சாலையைத் தவிர எதையும் பார்த்ததில்லை. ஆறு இவ்வளவு அகலம் என்று தெரியாது. முகத்துவாரத்தில் கொக்குகள் நின்றிருந்தன. பின்சீட்டில் உட்கார்ந்தவனுக்கு இதையெல்லாம் பார்க்க நேரம் இருந்தது. நான் கொக்குகளை விட்டுவிட்டு நடக்கிறவர்களின் முகங்களைப் பார்த்தேன், ஒவ்வொன்றாக, மீசை உள்ள முகமாகத் தேடி.

நான் ஏன் பக்கவாட்டில் திரும்பியே உட்கார்ந்திருக்கிறேன் என்பதை அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொண்டாள்.

"இருக்காரா?"

"தெரியலை. இல்ல."

"நடந்துதானே போவார். பார்த்துக்கிட்டே வாங்க, நான் மெதுவாவே போறேன்," என்றாள். பிறகு, கொஞ்சம் குரலை உயர்த்தி, "இடுக்கு" என்றாள்.

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.